தெய் ஜுன்சொகுவைத் தூதர் என்று சொல்லலாமா? – ரியூக்கியு இழை

கடல்மல்லி எழுதியது:

சென்ற வாரம் எடோ (இன்றைய டோக்கியோ) ஊர்வலங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, இன்றைய ஒகினாவாத் தீவுகளில் இருந்த ரியூக்கியு அரசிலிருந்து போன தூதர்கள் அனைவரும் சத்சுமாவின் கயிற்றில் ஆடிய பொம்மைகள் என்று நண்பர் செந்தாழை எழுதியிருந்தார். அந்தச் சொல் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்ததால் தனி இழையாகத் தொடங்குகிறேன். பொதுவாகப் பேசினால் இருவரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருவோம் என்பதால், ஒரே ஒரு மனிதரை எடுத்துக்கொள்கிறேன். அவர் தெய் ஜுன்சொகு. 1663இல் நாஹா துறைமுகத்தை ஒட்டிய குமே என்னும் குடியிருப்பில் பிறந்தவர். பிற்காலத்தில் நாகோ உவேகாதா என்ற உயர்பட்டம் பெற்றவர். இன்றும் ஒகினாவாவில் ‘நாகோவின் சான்றோர்’ என்று மரியாதையோடு நினைக்கப்படுகிறவர்.

புதிதாக வருகிறவர்களுக்காகப் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 1609இல் தென் ஜப்பானின் சத்சுமாவை ஆண்ட ஷிமாசு குலத்தார் ஏறத்தாழ 3000 வீரர்களை அனுப்பி ரியூக்கியுவைப் பணியவைத்தனர். மன்னர் ஷோ நெய் சிறைப்பிடிக்கப்பட்டு ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்; பணிவு உறுதிமொழியில் ஒப்பமிட்ட பிறகு 1611இல்தான் நாடு திரும்பினார். ஒப்பமிட மறுத்த அமைச்சர் ஜானா உவேகாதாவின் தலை வெட்டப்பட்டது. அதன் பிறகும் ரியூக்கியு அரசு அழிக்கப்படவில்லை. சீனப் பேரரசருக்குத் திறை செலுத்தும் நாடாகவும், சத்சுமாவுக்கு அடங்கிய நாடாகவும், எடோவில் இருந்து ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனுக்கு அவ்வப்போது தூதுக்குழு அனுப்பும் நாடாகவும் அது 1879 வரை நீடித்தது.

இப்படிப்பட்ட நாட்டில் படை கொண்டு எதையும் சாதிக்க முடியாது. இரு பெரிய அரசுகளிடமும் பேசத் தெரிந்த, எழுதத் தெரிந்த, வழக்காறு அறிந்த மனிதர்களே அதற்கு இருந்த காப்பு. தெய் ஜுன்சொகு ஐந்து முறை சீனாவுக்கும் 1714இல் ஒரு முறை எடோவுக்கும் சென்றார். மாணவராகப் போனார், சீனத் துறைமுகமான ஃபூச்சோவில் இருந்த ரியூக்கியு விடுதியில் தங்கிப் பணியாற்றும் மொழிபெயர்ப்பாளராகப் போனார், பெய்ஜிங் வரை செல்லும் தலைமை மொழிபெயர்ப்பாளராகப் போனார், பின்னர் தூதுக்குழுவின் தலைவர்களில் ஒருவராகவே போனார். படிப்படியாக இத்தனை பொறுப்புகளையும் சுமந்த ஒருவரைப் பொம்மை என்று சொல்வது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது என்பது என் கருத்து.

செந்தாழை எழுதியது:

நண்பர் கடல்மல்லி என் சொல்லை மனத்தில் வைத்திருந்து இவ்வளவு பொறுப்போடு எழுதியதற்கு நன்றி. ஆனால் நான் அதைச் சினத்தில் எழுதவில்லை, காரணத்தோடுதான் எழுதினேன்.

1714 தூதுக்குழுவையே பார்ப்போம். யோனகுசுகு இளவரசர், கின் இளவரசர் ஆகிய இருவர் தலைமையில் 170 பேர் சென்றனர். ஷோகுன் இயெத்சுகு பதவியேற்றதற்கு வாழ்த்துச் சொல்ல ஓர் இளவரசர். தம் மன்னர் ஷோ கெய் அரியணை ஏற அனுமதித்ததற்கு நன்றி சொல்ல இன்னோர் இளவரசர். நாஹாவிலிருந்து ககோஷிமாவுக்குக் கப்பல், அங்கிருந்து உள்கடல் வழியாக ஒசாகா, பிறகு தொக்காய்தோ நெடுஞ்சாலை வழியே எடோ. எந்த நாளில் கிளம்புவது, எந்த வரிசையில் நடப்பது என்று ஒவ்வொன்றையும் முடிவு செய்தவர்கள் சத்சுமா அதிகாரிகள். ஜப்பானியச் சாயல் தெரியாமல் உடையிலும் கருவிகளிலும் சீனத் தோற்றம் வரவேண்டும் என்று 1709இல் சத்சுமா வெளிப்படையாகவே கட்டளையிட்டது. ஏன்? ஓர் அயல்நாட்டு மன்னரே தமக்குக் கீழ்ப்பட்டவர் என்று காட்டிக்கொள்ளும்போது, ஷோகுனின் அவையில் ஷிமாசு குலத்தின் மதிப்பு உயர்கிறது.

சீனப் பக்கம் மட்டும் வேறாக இருந்ததா? திறைக் கப்பலில் போன வெள்ளி பெரும்பாலும் சத்சுமா வழியாக வந்தது. அதற்கு 1687இல் எடோ அரசு உச்சவரம்பு விதித்தது. திறைக் கப்பல்களுக்கு 804 கன், திறைக்குழுவை அழைத்துவரப் போகும் கப்பலுக்கு 402 கன். ஒரு கன் ஏறத்தாழ மூன்றே முக்கால் கிலோ என்று கொண்டால், முதல் அளவே சுமார் 3000 கிலோ வெள்ளி. இந்த வாணிகத்துக்காகத்தான் ரியூக்கியு என்ற அரசு உயிரோடு விட்டுவைக்கப்பட்டது. தெய் ஜுன்சொகு கற்றவர், நல்லவர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத ஒருவரைத் தூதர் என்று அழைப்பது, அந்த அடிமைத்தளையை மறைப்பதாகவே முடிகிறது.

வேம்படி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி, தவறாக எண்ண வேண்டாம். குமே மக்கள் சீனர்கள்தானே? அப்படியென்றால் தெய் ஜுன்சொகுவை ரியூக்கியு மனிதர் என்று சொல்வதா, சீனர் என்று சொல்வதா?

கடல்மல்லி எழுதியது:

வேம்படி, நல்ல கேள்வி. இது விவாதத்தின் நடுநாடியையே தொடுகிறது.

1392இல் மிங் பேரரசர் அனுப்பிய ‘36 குடும்பங்களின்’ வழித்தோன்றல்கள் என்பதே குமே மக்களின் மரபுக்கதை. கப்பலோட்டுதல், கடிதம் எழுதுதல், மொழிபெயர்த்தல் ஆகியவை அவர்களுடைய குலத்தொழில். ஆனால் 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அந்தக் குடும்பங்களில் பல தேய்ந்துபோயின. சத்சுமாவின் படையெடுப்புக்குப் பிறகு அரசே முன்வந்து, சீனம் படித்த உள்ளூர்க்காரர்களையும் குமேயில் சேர்த்து அந்த ஊரை மீண்டும் நிரப்பியது. தெய் ஜுன்சொகுவின் தந்தை தெய் தைசோ அப்படி வெளியிலிருந்து வந்து, வாரிசற்றுப்போன ஒரு பழைய சீனக் குடும்பப்பெயரை ஏற்றவர். ஆகவே ‘தெய்’ என்பது குருதி வழி வந்த பெயரன்று. பணிக்காக ஏற்ற பெயர். தேவைக்கு ஏற்பத் தன் தூதுவர் வர்க்கத்தைத் தானே உருவாக்கிக்கொண்ட அரசை வெறும் வாணிகக் கருவி என்று எப்படிச் சொல்வது?

அந்தத் தந்தையின் கதையையும் சொல்ல வேண்டும். 1673இல் தூதுக்குழுவோடு புறப்பட்டவர், சீனக் கரையோரத்தில் கடற்கொள்ளையரோடு மோத நேர்ந்தது. அதில் பிழைத்துப் பெய்ஜிங் போய்த் திரும்புகையில், ஃபூச்சோ இருக்கும் புஜியான் மாநிலத்தில் கெங் ஜிங்ஜோங்கின் கலகம் மூண்டு வழி அடைபட்டது. ஊர் திரும்ப முடியாமலே 1675இல் சூச்சோ நகரில் இறந்தார். மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதே மகன் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே வழியில் தலைமை மொழிபெயர்ப்பாளராகப் பெய்ஜிங் சென்றபோது தந்தையின் கல்லறைக்குச் சென்று வணங்கினார். அந்தப் பயணத்தில் எழுதிய கவிதைகளைத் தனி நூலாகவும் வெளியிட்டார். இந்தப் பணியின் விலை என்ன என்பது அவருக்குச் சிறுவயதிலேயே தெரியும்.

செந்தாழை எழுதியது:

தந்தையின் கதை என்னையும் தொடுகிறது. அதை நான் அறிந்திருக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தியாகம் வேறு, அதிகாரம் வேறு. இரண்டையும் கலந்துவிட்டால் விவாதம் திசைமாறிவிடும்.

1714இல் தெய் ஜுன்சொகு வகித்த பொறுப்பு கடிதப் பொறுப்பாளர் என்பது. அந்தக் கடிதங்களுக்கு என்ன நேர்ந்தது? ரியூக்கியு மன்னரின் கடிதங்கள் சீன முறையில், சீன உரைநடையில் எழுதப்பட்டன. ஷோகுனின் அறிவுரையாளராக இருந்த அராய் ஹாகுசெகி அவற்றின் சொற்களைத் துருவிப் பார்த்தார். ஷோகுனைக் குறிக்கத் ‘தைகுன்’ (பெருந்தலைவர்) என்ற சொல்லை ஆண்டதும், ஜப்பானை ‘உங்கள் மாண்புமிகு நாடு’ என்ற பொருளில் சமநிலையில் நின்று விளித்ததும், அடங்கிய நாட்டுக்குத் தகாதவை என்பது அவருடைய வாதம். கொரியத் தூதர்கள் 1711இல் வந்தபோதும் அவர் ‘தைகுன்’ என்பதை நீக்கி ‘ஜப்பானின் அரசர்’ என்று எழுதச் சொன்னவர் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். கொரியாவோடு அவர் வாதிட வேண்டியிருந்தது. ரியூக்கியுவோடோ சத்சுமா வழியாக ஒரு கேள்வி அனுப்பினால் போதும். கடித நடையே ஜப்பானிய முறைக்கு மாறிற்று. கடிதப் பொறுப்பாளர் தம் கடிதத்தின் நடையைக்கூடக் காத்துக்கொள்ள இயலாத இடத்தில், தூதர் என்ற சொல்லுக்கு என்ன பொருள் எஞ்சுகிறது?

ஓலைக்கட்டு எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டிருந்தேன், கடிதம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் துறை மொழிபெயர்ப்பு. ஆகவே மொழியின் பக்கத்திலிருந்தே பேசுகிறேன்.

செந்தாழை சொன்ன நிகழ்ச்சி உண்மை. ஆனால் அதை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். சொற்களுக்கு வலிமை இல்லையென்றால், எடோவின் மிகக் கூர்மையான அறிஞர் அவற்றின் மேல் ஏன் இத்தனை கவனம் செலுத்த வேண்டும்? ஒரு சிறு தீவின் எழுத்தர்கள் சீன உலகின் கடித மரபைப் பின்பற்றி எழுதியதாலேயே, அந்த மரபில் ஜப்பானின் இடம் என்ன என்ற கேள்வி தானாக எழுந்தது. அந்தக் கேள்வி எடோவுக்குச் சங்கடமாக இருந்தது என்பதே உண்மை.

இன்னொன்று. ஹாகுசெகி தெய் ஜுன்சொகுவைச் சந்தித்து உரையாடினார். 1719இல் ஹாகுசெகி தென்தீவுகளைப் பற்றி ஒரு முழு நூல் எழுதி முடித்தார். அதற்கு ரியூக்கியுத் தூதுக்குழுக்களிடம் கேட்டறிந்தவையும் பயன்பட்டன. வெளிநாட்டுப் பயணமே தடைசெய்யப்பட்டிருந்த நாட்டில் பெய்ஜிங் சென்று வந்த ஒருவரை நேரில் பார்ப்பது எவ்வளவு அரிது என்று எண்ணிப்பாருங்கள். கல்வியின் உச்சியில் இருந்த ஜப்பானிய அறிஞர்கள் சீன நூல்களைத் தம் மொழி வரிசைக்கு மாற்றிப் படிக்கப் பழகியவர்கள். பேச்சுச் சீனம் அவர்களில் மிகச் சிலருக்கே வசப்பட்டது. தெய் ஜுன்சொகுவோ அதில் மூழ்கி வளர்ந்தவர். 1683இல், இருபது வயதில், சீனத் தூதர் வாங் ஜியின் குழு திரும்பியபோது உடன் சென்று நான்கு ஆண்டுகள் ஃபூச்சோவில் சென் யுவான்ஃபு என்ற ஆசிரியரிடம் படித்தார். 1689இல் மீண்டும் போய், அங்கேயே தங்கிப் பணியாற்றித் திரும்பும்போது, சீன அரச வம்சங்களின் பதினேழு வரலாறுகள் என்னும் பெருந்தொகுப்பு முழுவதையும், 1592 சுவடிகளையும், தம் சொந்தப் பணத்தில் வாங்கிவந்து குமேயில் இருந்த கன்பூசியஸ் கோயிலுக்குக் கொடுத்தார். எந்த மேலதிகாரியும் இட்ட கட்டளை இல்லை அது.

கடல்மல்லி எழுதியது:

ஓலைக்கட்டுக்கு நன்றி. இந்த இடத்தில் ‘ரிகுயு எங்கி’ என்ற நூலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

மிங் வம்சத்தின் முதல் பேரரசர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மக்களுக்கு ஆறு அறிவுரைகள் பிறப்பித்தார்: பெற்றோரைப் பேணுக, பெரியோரை மதிக்க, ஊராரோடு இணங்கி வாழ்க, பிள்ளைகளைக் கற்பித்து வளர்க்க, அவரவர் தொழிலில் நிலைத்திருக்க, தீமை செய்யற்க. ஃபான் ஹோங் என்பவர் அவற்றுக்கு எளிய விளக்கவுரை எழுதினார். சீனாவிலேயே அருகிப்போயிருந்த அந்த நூலைத் தெய் ஜுன்சொகு 1708இல் ஃபூச்சோவில் தம் செலவில் அச்சிட்டு ஊருக்குக் கொண்டுவந்தார். அது சத்சுமாவின் ஷிமாசு யோஷிதகாவின் கைக்குப் போனது. அவர் 1719இல் ஷோகுன் யோஷிமுனேவுக்குக் கொடுத்தார். யோஷிமுனே அதைப் படிக்கத்தக்கதாக்கும் பணியை ஒக்யு சொராய் என்ற அறிஞரிடமும், ஜப்பானிய மொழியில் சுருக்கி எழுதும் பணியை முரோ க்யூசோ என்ற அறிஞரிடமும் ஒப்படைத்தார். 1722இல் வெளிவந்த அந்தச் சுருக்கம் எடோவின் திண்ணைப்பள்ளி ஆசிரியர்களுக்கு வழங்கப்பட்டது; அதன் பிறகு தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் வாசிப்பு நூலாயிற்று. ஒரு சிறு தீவின் அதிகாரி அச்சிட்ட நூல் ஜப்பானியப் பிள்ளைகளின் கையில் நூறாண்டுகளுக்கு மேல் இருந்தது. பொம்மையால் இதைச் செய்ய முடியுமா?

செந்தாழை எழுதியது:

இந்த நூலைப் பற்றிய பெருமைப் பேச்சில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

முதலாவது, நூல் போன வழியைப் பாருங்கள். ஷோகுனின் கையில் அது ஷிமாசு பிரபுவின் காணிக்கையாகவே சேர்ந்தது. கொடுத்த பெருமை சத்சுமாவுக்கே. இரண்டாவது, அந்த ஆறு அறிவுரைகளின் உள்ளடக்கம். அவரவர் தொழிலில் நிலைத்திரு, மேலோருக்குப் பணி என்பது எல்லா ஆட்சியாளர்க்கும் இனிக்கும் பாடம். யோஷிமுனே அதை விரும்பியதில் வியப்பில்லை. அவர் காலத்தில் வரிச்சுமையால் குடியானவர்கள் பொறுமை இழந்துகொண்டிருந்தனர். ரியூக்கியுவின் தீவுகளிலோ மியாகோ, யாயெயாமா மக்கள் தலைவரிக்கு ஆட்பட்டுத் தானியமும் நெசவுத்துணியும் அளந்து கொண்டிருந்தனர். தூதுக்குழுவின் சீனப் பட்டாடைக்கும் கவிதைக்கும் அடியில் அவர்களின் உழைப்பு இருக்கிறது. அந்த மக்களுக்கு ‘அவரவர் தொழிலில் நிலைத்திருக்க’ என்று சொல்வது எப்படி ஒலித்திருக்கும் என்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

ஓலைக்கட்டு எழுதியது:

செந்தாழை கேட்ட கேள்வி கேட்கப்பட வேண்டியதுதான். அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்த நூல் எதற்காக அச்சிடப்பட்டது என்பதில் ஒரு முக்கியமான செய்தி விடுபட்டுப்போகிறது.

‘ரிகுயு எங்கி’யின் நடை செவ்வியல் சீனம் அன்று, பேச்சு வழக்கை ஒட்டிய எளிய நடை. குமேயின் மாணவர்களுக்கு மிகவும் தேவைப்பட்டது அதுதான். ஃபூச்சோவில் இறங்கும் மொழிபெயர்ப்பாளர் சுங்க அதிகாரியோடும், மாலுமியோடும், விடுதிக் காவலரோடும், கூலிக்காரரோடும் பேச வேண்டும். அங்கே பழஞ்செய்யுள் உதவாது. ஒழுக்கத்தையும் பேச்சுமொழியையும் ஒருசேரக் கற்பிக்கும் பாடநூலாகவே தெய் ஜுன்சொகு அதைத் தேர்ந்தெடுத்தார். எடோவுக்குப் போனபோது அந்த நடையே தடையாகவும் ஆயிற்று. அந்தப் பேச்சு நடையைப் படிக்கத் தெரிந்தவர் தேவைப்பட்டதால்தான் சொராயிடம் பணி போனது. ஆக, ஷோகுனுக்கு நூல் காணிக்கையாகப் போனது அதன் இரண்டாவது வாழ்க்கை. முதல் வாழ்க்கை, தூது செல்லும் பிள்ளைகளுக்கான பயிற்சிப் புத்தகம் என்பது. 1718இல் அவர் முயற்சியால் கன்பூசியஸ் கோயில் வளாகத்தில் மெய்ரிந்தோ என்னும் பள்ளி எழுந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தாம் ஒருவராகத் தூது போய் வந்ததோடு நில்லாமல், தமக்குப் பின் போகிறவர்களை உருவாக்கும் ஏற்பாட்டையும் அவர் செய்துவைத்தார். என் கணக்கில் இதுவே அவருடைய மிகப் பெரிய அரசுப் பணி. எடோ ஊர்வலம் இதற்கு அடுத்தபடிதான்.

கடல்மல்லி எழுதியது:

அதே 1708இல் அவர் செய்த இன்னொரு வேலையும் இந்த வரிசையில்தான் வரும். ‘ஷினான் கோகி’ என்பது கடல்வழிக் கையேடு. நாஹாவுக்கும் ஃபூச்சோவுக்கும் இடையே எந்தத் திசைகாட்டி முனையில் எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும், வழியில் எந்தத் தீவுகள் தென்படும், எந்த நாள்களில் காற்று மாறும் என்பவற்றையெல்லாம், 1683இல் வந்த சீன மாலுமிகளின் குறிப்புகளையும் குமேயின் சொந்த அனுபவத்தையும் கொண்டு தொகுத்தார். கடலன்னை மாசுவின் வரலாறும் அதில் உண்டு. வழிபாடும் திசைகாட்டியும் ஒரே நூலில் இருப்பது அந்தக் கடலை அறிந்தவர்க்குப் புதுமையாகத் தோன்றாது.

1719இல் ஹாய் பாவ், ஷூ பாவ்குவாங் என்ற இரு சீனத் தூதர்கள் ஷோ கெய் மன்னருக்கு முடிசூட்டு ஆணை கொண்டுவந்தனர். பல மாதங்கள் நாஹாவில் தங்கிய ஷூ பாவ்குவாங், ஊர் திரும்பியபின் 1721இல் ரியூக்கியுவைப் பற்றி விரிவான நூல் எழுதினார். அதில் கடல்வழியைச் சொல்லும் இடத்தில் தெய் ஜுன்சொகுவின் கையேட்டையே சான்றாக எடுத்தாள்கிறார். பேரரசரின் தூதர் தாம் வந்த கடலைப் பற்றி ஒரு திறைநாட்டு அதிகாரியின் நூலைப் பார்த்து எழுதுகிறார். இந்த அறிவுக்கு யாரும் கயிறு கட்டியிருக்கவில்லை.

செந்தாழை எழுதியது:

கையேட்டின் மதிப்பை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நண்பரே, 1719ஐ நீங்களே எடுத்துவிட்டீர்கள். அந்த ஆண்டுதான் என் வாதத்துக்கும் மிகவும் உதவுகிறது.

அந்த முறை வந்த சீனக் குழுவினர் விற்பனைக்கென்று ஏராளமான சரக்கு கொண்டுவந்திருந்தனர். அவர்கள் கேட்ட மதிப்பு 2000 கன் வெள்ளி. ரியூக்கியு அரசு சேர்த்துவைத்திருந்ததோ 500 கன்தான். கப்பல்காரர்கள் கொதித்தெழுந்தனர், நாஹாவில் நிலைமை கைமீறும் அளவுக்குப் போயிற்று. அதைப் பேசித் தணித்து, வாங்கக்கூடிய அளவுக்கு வாங்கி, மீதியைத் திருப்பி அனுப்பவைத்தவர் சாய் ஒன். அவரும் குமேக்காரர்தான்; 1682இல் பிறந்தவர்; மன்னரின் ஆசிரியராக இருந்து, 1728இல் நாட்டின் மூன்று தலைமை அமைச்சர்களில் ஒருவரானவர். ஆறுகளைச் சீரமைத்தார், காடுகளைப் பேணினார், ஊராட்சியை ஒழுங்குபடுத்தினார். நெருக்கடியில் எதிரே அமர்ந்து பேரம் பேசி முடிவெடுத்தவரைத் தூதர் என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். தெய் ஜுன்சொகு அந்த வகையில் வரமாட்டார்.

சத்சுமாவின் பிடி சீனாவுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, சீனக் குழு தங்கியிருந்த எட்டு மாதங்களும் நாஹாவில் இருந்த சத்சுமா அதிகாரிகள் ஊருக்கு வெளியே உராசோயே பக்கத்தில் குசுகுமா என்ற சிற்றூருக்கு ஒதுங்கியிருந்தனர். ஜப்பானிய நாணயம், நூல், பெயர் எதுவும் சீனர் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டன. இந்த மறைப்பு வேலையில் குமே அறிஞர்களுக்கும் பங்கு உண்டு. மேன்மையான கவிதை எழுதிய அதே கைகள் ஒரு பொய்யையும் காத்துவந்தன என்பதைச் சொல்லாமல் விடலாமா?

வேம்படி எழுதியது:

சீனத் தூதர்களுக்கு இது தெரியவே தெரியாதா?

ஓலைக்கட்டு எழுதியது:

ஓரளவு தெரிந்திருக்கும் என்றே வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். நூறாண்டுகளுக்கு மேல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திறைக் கப்பல் வந்துபோகும் துறைமுகத்தில் செய்தி கசியாமல் இருக்காது. தெரிந்தும் கேட்காமல் இருப்பது பேரரசுக்கும் வசதியாக இருந்தது. கேட்டால் ஏதாவது செய்தாக வேண்டும்.

பொய் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நிதானித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். குமேயில் ‘ரெகிதாய் ஹோவான்’ என்னும் பெரிய ஆவணத் தொகுப்பு காக்கப்பட்டது. 1424 முதல் 1867 வரையிலான வெளிநாட்டுக் கடிதங்கள் அதில் உள்ளன. சீனாவோடு, கொரியாவோடு, சயாமோடு, மலாக்காவோடு நடந்த கடிதப் போக்குவரத்து அதில் நிறைந்திருக்கிறது. சத்சுமாவோடும் எடோவோடும் நடந்தவற்றுக்கு அதில் இடம் கொடுக்கப்படவில்லை. பழைய கடிதங்கள் திரட்டப்பட்டு முதல் தொகுதியாக ஒழுங்கு செய்யப்பட்டது 1697இல். தெய் ஜுன்சொகுவின் நடுவயதில். சீனாவுக்குக் காட்டும் முகம், எடோவுக்குக் காட்டும் முகம் என இரண்டையும் தனித்தனி ஏட்டில் வைத்துக் கலக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஒன்று மற்றொன்றில் கசிந்திருந்தால் திறை உறவே அறுந்திருக்கும். அறுந்திருந்தால் சத்சுமாவுக்கு இந்த அரசை உயிரோடு வைத்திருக்கக் காரணமே இருந்திருக்காது. செந்தாழை மறைப்பு என்று சொல்வதைத்தான் நான் அவர்கள் செய்த தூதுப்பணியின் மையம் என்கிறேன்.

கடல்மல்லி எழுதியது:

இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. சாய் ஒன்னைப் பற்றிச் செந்தாழை சொன்னவை அனைத்தும் சரி. அவரைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் சாய் ஒன் வந்தமர்ந்த மேசையை யார் போட்டார்கள் என்று பார்க்க வேண்டும். சீனத் தூதுக்குழு 1719இல் வந்தபோது அவர்களை எதிர்கொண்ட மொழிபெயர்ப்பாளர்களும், விருந்துகளில் கவிதைக்குக் கவிதை சொன்னவர்களும் தெய் ஜுன்சொகுவின் தலைமுறை பயிற்றுவித்தவர்கள். மறு ஆண்டு, 1720இல், முடிசூட்டு ஆணைக்கு நன்றி சொல்லப் போன குழுவிலும் ஏறத்தாழ அறுபது வயதை நெருங்கிய நிலையில் அவரே மீண்டும் கடல் தாண்டினார். அது அவருடைய ஐந்தாவது பயணம். 1756இல் வந்த சீனத் தூதர்களின் கப்பல் குமே தீவருகே உடைந்துபோனதை நினைத்தால், அந்த வயதில் அந்தக் கடலில் போவது எப்படிப்பட்டது என்று விளங்கும். (நாஹாவில் உள்ள குமே ஊர் வேறு, இந்தக் குமே தீவு வேறு; புதியவர்கள் குழம்ப வேண்டாம்.)

செந்தாழை எழுதியது:

ஓலைக்கட்டின் ஆவணத் தொகுப்புச் செய்தியை இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

‘பொம்மை’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு ஏடுகளைத் தனித்தனியாக நூற்றாண்டுக் கணக்கில் காத்தவர்களை அப்படிச் சொன்னது தவறு. ஆனால் தெய் ஜுன்சொகுவைத் தூதர் என்று எழுத இன்னும் என் கை வரவில்லை. தூதர் என்ற சொல் ஓர் அரசு இன்னோர் அரசிடம் தன் விருப்பத்தைச் சொல்ல அனுப்பும் ஆளைக் குறிக்கிறது. 1714இல் எடோ கோட்டைக்குள் நுழைந்த 170 பேரில் எவருக்கும், ரியூக்கியு விரும்பியது இது என்று வாய்திறந்து சொல்லும் உரிமை இல்லை. ஃபூச்சோவில் அவருக்கு அந்த உரிமை ஓரளவு இருந்தது. வாணிகச் சலுகை, கப்பல், விடுதி என்று அங்கே பேசவும் வாதாடவும் இடம் இருந்தது. ஆகவே சீனப் பயணங்களைப் பொறுத்தவரை உங்கள் வழக்கை ஏற்கிறேன். எடோவைப் பொறுத்தவரை ஏற்கவில்லை. கடல்மல்லி, எடோ பயணத்தில் அவர் தாமாக எடுத்த முடிவு என்று ஏதேனும் ஒன்று காட்டினீர்களானால் அதையும் மறுபரிசீலனை செய்வேன்.

கடல்மல்லி எழுதியது:

நேர்மையான கோரிக்கை. ஹாகுசெகியிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அந்த அறையில் அவர் முடிவு செய்திருக்க வேண்டும் என்பதே என் முதல் பதில்; பெய்ஜிங்கைக் கண்ணால் கண்டவரிடம் எடோவின் அறிஞர் கேட்கக்கூடிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் சத்சுமா முன்கூட்டியே விடை எழுதிக்கொடுத்திருக்க முடியாது. ஆனால் இது ஊகம்தான், சான்று ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹாகுசெகியின் தென்தீவு நூலில் ரியூக்கியுவின் பழைய மன்னர் வரிசையும் அரசமைப்பும் சொல்லப்பட்டிருக்கும் பகுதிகளை வரிவரியாகப் படித்து, எவை தூதுக்குழுவிடமிருந்து வந்திருக்கக்கூடும் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். முடிந்ததும் இதே இழையில் இடுகிறேன்; செந்தாழை முதலில் பார்த்துக் குறை சொல்ல வேண்டும்.